திறப்பு யார் கையில், எந்தத் தகுதியில்?

ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் வீடு வீடாகச் சென்று பயணம் சொல்வதும், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பதும் நமது ஊர்களில் தொன்றுதொட்டு வரும் நல்ல வழக்கம். அதை விடச் சொல்லி இங்கே எழுத வரவில்லை. ஆனால் அந்த வழக்கத்தால் ஒரு விஷயம் நடக்கிறது. எந்த வீடு, எந்தத் திகதியில் இருந்து, எத்தனை நாள் பூட்டிக் கிடக்கப் போகிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. வியாபாரிகளாகிய நமக்கு இன்னும் கூடுதல். வாடிக்கையாளருக்குத் தெரியும், கொழும்பிலிருந்து சரக்குப் போடும் பிரதிநிதிக்குத் தெரியும், லொறிக்காரருக்குத் தெரியும், கடனுக்குச் சாமான் எடுத்தவருக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும்.

ஆகவே யாருக்கும் சொல்லாமல் சத்தமின்றிப் போய் வருவது என்ற யோசனை நமக்குப் பொருந்தாது. எல்லாருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டே வீட்டைப் பாதுகாக்க வேண்டும். ஹஜ்ஜுக்கு ஒரு மாதத்துக்கு மேல், ஜமாஅத்தில் நாற்பது நாள் அல்லது நான்கு மாதம், வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டில் ஆறு மாதம், தொழிலுக்காகக் கட்டாரிலோ சவூதியிலோ பல வருடம் என்று நமது பயணங்கள் பலவகை. புறப்படும் வாரத்தில் ஆளாளுக்குப் புதுப் பூட்டு வாங்குவார்கள். என் கடையிலும் அந்த வாரங்களில் பூட்டு நன்றாக விலைபோகிறது, அதில் எனக்கு நஷ்டமில்லை. ஆனால் பூட்டைப் பற்றி அரை மணி நேரம் விசாரிக்கிறவர், அந்தப் பூட்டின் திறப்பை யாரிடம் கொடுக்கிறார், அவர் அதை எந்தத் தகுதியில் வைத்திருக்கப் போகிறார் என்று அரை நிமிடம் யோசிப்பதில்லை. பின்னால் வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை கள்வனால் வருவதில்லை. திறப்பை வாங்கியவரால் வருகின்றன, அல்லது திறப்பு வாங்கியவருக்கு நாம் ஒன்றையும் தெளிவாகச் சொல்லாததால் வருகின்றன.

நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவை நினைத்துப் பாருங்கள். உயிருக்கே ஆபத்தான நேரம். அந்த நேரத்திலும் மக்கத்து மக்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரழி) அவர்களை நிறுத்திவிட்டுப் போனார்கள். அலி (ரழி) அவர்கள் மூன்று நாட்கள் தங்கி அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பின்தொடர்ந்தார்கள் என்று சீறா நூல்கள் சொல்கின்றன. அங்கே ஆள் யார் என்பது தெளிவு, அவர் செய்ய வேண்டிய வேலை தெளிவு, அது முடியும் இடமும் தெளிவு. நாமோ விமான நிலையத்துக்கு வான் வந்து நின்ற பிறகு, “மச்சான், வீட்டை ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லித் திறப்பை ஜன்னலால் நீட்டுகிறோம். அந்த மச்சான் என்னத்தைப் பார்க்க வேண்டும்? உள்ளே படுக்கலாமா? மோட்டார் சைக்கிளை எடுத்து ஓடலாமா? தென்னையில் விழும் தேங்காய் யாருக்கு? ஒன்றும் பேசப்படுவதில்லை.

நமது ஃபிக்ஹில் இந்த வித்தியாசம் நுணுக்கமாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஒருவர் உங்கள் பொருளைக் காவலுக்காக மட்டும் ஏற்றால் அது அமானிதம். அவருடைய கவனக்குறைவோ அத்துமீறலோ இல்லாமல் அது அழிந்துபோனால் அவர் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். அதே பொருளைத் தமது உபயோகத்துக்காக இரவலாக வாங்கியிருந்தால், நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், அனுமதித்த உபயோகத்தால் வந்த தேய்மானம் தவிர்ந்த மற்ற இழப்புக்கு அவர் பொறுப்பாளி. வாடகைக்கு எடுத்திருந்தால் சட்டம் வேறு. வீடும் திறப்பும் ஒன்றுதான், ஆனால் கையில் வைத்திருப்பவரின் தகுதி மாறினால் பொறுப்பும் மாறிவிடுகிறது.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் இன்னொருவரின் காணியை அவருடைய உரிமையை மறுத்து, எவருக்கும் வாடகையோ வேறு பங்கோ கொடுக்காமல், இடையூறின்றிப் பத்து வருடம் ஆண்டு வந்தால் அந்தக் காணிக்கு உரித்துக் கோரலாம். நம்மவர்கள் இதைச் சுருக்கி, பத்து வருடம் இருந்தால் காணி அவனுக்கு என்று பயப்படுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. அவர் எந்தத் தகுதியில் உள்ளே வந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நகுதா மரிக்கார் எதிர் முஹம்மது என்ற வழக்கு 1903ஆம் ஆண்டில் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. உரிமையாளரின் முகவராக ஆதனத்துக்குள் வந்த ஒருவர், அந்த முகவர் தகுதியை வெளிப்படையான ஒரு செயலால் களைந்தார் என்று காட்டாத வரை, அவருடைய ஆட்சியின் பயன் உரிமையாளருக்கே சேரும் என்று அதில் தீர்ப்பாயிற்று. நூறு வருடத்துக்கு மேலாகியும் நமது நீதிமன்றங்களில் இந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்லப்படுகிறது. வழக்காடிய இரு பக்கத்தாரும் முஸ்லிம்கள் என்பதைப் பெயர்களே சொல்கின்றன.

சரி, அவர் முகவராகத்தான் உள்ளே வந்தார் என்பதை யார் நிரூபிப்பது? உங்களிடம் ஒரு துண்டுத் தாள் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பதினைந்து வருடத்துக்கு முன் வான் ஜன்னலால் சொன்ன வார்த்தைக்குச் சாட்சி தேட வேண்டும். அந்தச் சாட்சிகளில் பாதிப்பேர் மவுத்தாகியிருப்பார்கள், மீதிப்பேர் இரு பக்கத்துக்கும் சொந்தக்காரராக இருப்பார்கள். கடல் கடந்திருப்பவருக்கு அந்தக் கட்டளைச் சட்டத்தில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. திருகோணமலை வீட்டை விட்டுவிட்டுக் கொழும்பில் கடை போட்டிருப்பவருக்கு அந்த விலக்கு கிடையாது.

எனவே திறப்புக் கொடுக்கும்போது எழுதுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி சூரா பகராவின் 282ஆம் வசனம் நம்மை ஏவுகிறது. திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம் அதுதான். கடையில் நூறு ரூபாக் கடனைச் சிட்டையில் எழுதுகிற நாம், கோடி பெறுமதியான வீட்டுக்கு எழுத வெட்கப்படுகிறோம். “சொந்தக்காரனிடம் கையொப்பம் கேட்பதா? மனம் நோகுமே” என்பார்கள். பேசாமல் விட்டு, பின்னால் நீதிமன்றத்தில் சந்தித்தால் அதைவிட அதிகம் நோகும்.

நீண்ட எழுத்து தேவையில்லை. காவலுக்கு மட்டும் கொடுப்பதானால் இப்படி எழுதலாம்: “இன்ன இலக்க வீட்டின் உரிமையாளராகிய நான், இன்ன திகதி தொடக்கம் நான் திரும்பி வரும்வரை, வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காக மட்டும் அதன் மூன்று திறப்புகளை இன்னாரிடம் ஒப்படைக்கிறேன். அவர் என்னுடைய முகவராகவே வீட்டுக்குள் வந்து போவார். நான் கேட்கும்போது திறப்புகளைத் திருப்பித் தருவார்.” இருவரின் கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், இரண்டு சாட்சிகள். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று உங்களுக்கு. அந்தத் தாளின் பின்பக்கத்தில் வீட்டில் உள்ள பெரிய பொருட்களையும், மின்மானி, நீர்மானி வாசிப்புகளையும் எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

யாரையாவது குடியிருக்க விடுவதானால் விஷயம் சற்றுப் பாரமானது. வாடகையா, இரவலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசின் முன் எழுதாவிட்டால் அது சட்டத்தில் வலுவற்றது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இதற்குச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். இரவலாக இருக்க விட்டாலும் உங்கள் அனுமதியின் பேரில்தான் இருக்கிறார் என்பது எழுத்தில் இருக்கட்டும். சோலைவரியை நீங்களே உங்கள் பெயரில் கட்டுங்கள். ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் நூற்றுக்குப் பத்து வீதம் கழிவும் உண்டு. குடியிருப்பவரே வருடக்கணக்கில் வரி கட்டி, பற்றுச்சீட்டுகளைக் கோவையாக அடுக்கி வைத்திருந்த ஒரு வழக்கை நான் அறிவேன். அவர் நல்ல மனிதர்தான். அவர் காலமான பின் பிள்ளைகள் அந்தக் கோவையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இன்னொன்று, அற்றோர்ணித் தத்துவம். வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் மின்கட்டணம் கட்டவும் ஆள் வைப்பதற்காக, விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் உள்ள பொதுத் தத்துவத்தை எழுதிக் கொடுக்கிறார்கள். அச்சடித்த படிவத்தில் எல்லா அதிகாரமும் வரிசையாக இருக்கும், நாம் வாசிக்காமல் கையொப்பமிடுவோம். எந்த வேலைக்கோ அந்த வேலைக்கு மட்டும் விசேட தத்துவம் கொடுங்கள். கொடுத்தவர் மவுத்தானால் தத்துவமும் அத்தோடு முடிந்துவிடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு குடும்பத்தினர் எதுவும் செய்ய முடியாது. பயணம் போகிறவர் கடன்களையும் தமக்கு வரவேண்டியதையும் வஸிய்யத்தாக எழுதி வைக்க வேண்டும் என்று ஆலிம்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

உறுதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்டது சில மணி நேரம் மட்டுமே. உறுதி எடுக்க நேரமில்லை, எடுத்தவர்களிடமும் பறித்தார்கள். 2009க்குப் பின் திரும்பிப் போனவர்கள் தங்கள் வளவில் வேறு ஆட்களைக் கண்டார்கள், அல்லது கூரையில்லாத சுவரைக் கண்டார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையைக் கோர முடியாமல் போனவர்களுக்காக, பத்து வருட ஆட்சியுரிமைக்கு விலக்களிக்கும் விசேட சட்டம் 2016இல் வந்தது, அவ்வாண்டின் 5ஆம் இலக்கம். இருபத்தாறு வருடம் கழித்து! நமது மாவட்டத்திலும் 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த துணியோடு கந்தளாய்க்கு நடந்து, ஒரு மாதமளவில் அகதிகளாக இருந்தார்கள். 2004 சுனாமியில் கரையோர வீடுகளில் அலுமாரியோடு உறுதி போனது. எல்லாப் பயணமும் நாம் திகதி குறித்துப் போகிற பயணம் அல்ல.

அந்த நேரங்களில் கைகொடுத்த விஷயம் ஒன்று உண்டு. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இணைப்பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகிறது. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். தெரியாதவர்கள்தான் அலைந்தார்கள். எனவே இந்த மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி, வேறு ஊரில் இருக்கும் மகளிடமோ சகோதரனிடமோ கொடுத்து வையுங்கள். உறுதியைப் படம் பிடித்துக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளலாம். மூலப் பிரதி வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும், பூட்டிய வீட்டில் வேண்டாம். பல வருடம் வெளியில் இருக்கப் போகிறவர்கள் காணிப் பதிவகத்தில் கேவியட் பதிந்து வைக்கலாம். அது நடைமுறையில் இருக்கும் காலத்தில் உங்கள் காணி சம்பந்தமாக யாராவது ஒரு பத்திரத்தைப் பதிய வந்தால் பதிவாளர் உங்களுக்கு அறிவிப்பார். கள்ள உறுதிகள் மலிந்த காலத்தில் இது பெரிய உதவி. பெர்மிட் காணியில் வீடு கட்டியிருப்பவர்கள் வேறொரு கவனம் எடுக்க வேண்டும். பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, நிபந்தனை மீறினால் பெர்மிட்டே ரத்தாகலாம். நீண்ட காலம் போகுமுன் செயலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

திறப்பை யாருக்குக் கொடுப்பது என்பதில் என் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காது. தூரத்துச் சொந்தத்தை விடப் பக்கத்து அயல் மேல். அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பங்கள். நாங்கள் உம்றாவுக்குப் போனபோது திறப்பு ஓய்வுபெற்ற ஆசிரியரான பக்கத்து வீட்டு மாஸ்டரிடம் இருந்தது. தாள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, கையொப்பமிட்டார். “நானா, கிணற்றுப் பம்பைப் பற்றி இதில் எழுதவில்லையே, அது ஓடாவிட்டால் யாரைக் கூப்பிட?” என்று கேட்டார். நல்ல காவலாளி இப்படித்தான் கேட்பார். பத்து மைல் தூரத்து மருமகன் வாரத்துக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லி மாதத்துக்கு ஒருமுறை வருவான். அயலவரோ இரவில் நாய் குரைத்தால் எழும்பிப் பார்ப்பார்.

இனிப் பணம், நகை. பூட்டிய வீட்டில் இரண்டையும் வைக்காதீர்கள், அரிசிச் சாக்குக்குள்ளும் வேண்டாம். அந்த இடத்தைக் கள்வனும் அறிவான். கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைகளை இலாச்சியில் விட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். முன்திகதியிட்டுக் கொடுத்த காசோலைகளைத் திகதி வாரியாக எழுதி, நீங்கள் இல்லாத நாட்களில் எவை வங்கிக்கு வரும் என்று பார்த்துப் பணத்தைப் போட்டுவிட்டுப் போங்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ், கணக்கில் பணமில்லாமல் திரும்பிய காசோலை குற்ற வழக்கு வரை போகலாம். வீட்டுக்குக் காப்புறுதியோ தகாபுலோ எடுத்திருந்தால் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். வீடு முப்பது நாட்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. ஹஜ் பயணம் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துச் சம்மதம் வாங்குங்கள்.

இரவில் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, பாத்திரங்களை மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதும், எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக் கூடும் என்று காரணம் சொன்னதும் புகாரியில் இருக்கிறது. இன்றைக்குத் திரி இல்லை, ஆனால் வயரைக் கடிக்கும் எலி இருக்கிறது. பிரதான சுவிட்சை அணைத்து, எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள். இரவு விளக்கு ஒன்று வேண்டுமென்றால் வெளி விறாந்தைக்கு மட்டும் இணைப்பு இருக்கட்டும். பகலிலும் எரிகிற விளக்கு வீட்டில் ஆளில்லை என்று விளம்பரம் செய்யும், அதை மாலையில் போட்டுக் காலையில் அணைக்க மாஸ்டர் போன்ற ஒருவர்தான் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் மிகவும் அலட்சியம். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு செய்த அழிவை நாம் மறக்க முடியாது. அந்த வருடம் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேர் வரை டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். பூட்டிய வீட்டின் கூரைப் பீலி, மூடாத தாங்கி, பாவிக்காத மலசலகூடம், பூச்சாடித் தட்டு எல்லாம் நுளம்புக்குத் தொட்டில். அயலவர் திறப்பு வைத்திருந்தும் அவர் பிள்ளைக்கே நம் வீட்டு நுளம்பு கடித்தால் அந்த அமானிதத்துக்கு என்ன பதில்? 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருகும் இடத்துக்கு உரிமையாளரும் பொறுப்பாளி. ஊரில் இல்லை என்பது சாட்டாகாது. தாங்கியை வெறுமையாக்கி, பிரதான பைப்பை மூடி, கிணற்றுக்கு வலை போட்டு, மலசலகூடக் கிண்ணத்தை மூடிவிட்டுப் போங்கள்.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். இப்போது ஹஜ் வருவது நமது கோடை காலத்தில், ஆகவே காய்ந்த சருகும் தீயும்தான் கவலை. டிசம்பர் விடுமுறையில் உம்றாவுக்கோ பிள்ளைகளிடமோ போகிறவர்களுக்கு மாரி. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அப்படியான காலத்தில் போவதானால் கூரையோடு உரசும் கிளைகளை வெட்டி, பீலியைத் துப்புரவாக்கி, கீழ்த்தட்டில் இருக்கும் கணக்குப் புத்தகங்களை மேலே ஏற்றி வையுங்கள். ஓட்டு வீடானால் குரங்குக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். அது ஓட்டைக் கிளப்புவது பகிடியாக இருக்கும், மழை பெய்யும் வரை. ஓடு போட ஆள் கூப்பிடும் செலவுக்குக் கொஞ்சக் காசைத் திறப்போடு சேர்த்துக் கொடுங்கள். கைக்காசு போட வைத்துவிட்டு, திரும்பி வந்து பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை நீட்டுவது கணக்குத் தீர்த்ததாகாது.

வந்து சேர்ந்த அன்றே, களைப்பாக இருந்தாலும், ஸம்ஸம் தண்ணீர் கேட்டு ஆட்கள் வருமுன், திறப்பு வைத்திருந்தவரையும் தாளையும் முன்னால் வைத்துப் பொருட்களை ஒருமுறை பாருங்கள். செலவைக் கேட்டு அங்கேயே கொடுத்துவிடுங்கள். திறப்புகளை எண்ணி வாங்கி, “திருப்பிப் பெற்றுக்கொண்டேன்” என்று திகதியிட்டு இரண்டு பிரதிகளிலும் இருவரும் கையொப்பமிடுங்கள். பல நாள் நின்ற பைப் தண்ணீரைச் சற்று நேரம் ஓடவிட்டு, கிணறானால் இறைத்துவிட்டுத்தான் குடிக்க எடுக்க வேண்டும்.